திரை ஊமையான இரவு

"கலைப்பீடப் புள்ளைக்கு லினக்ஸ் எதுக்கு?" என்று நானா சிரித்தார். ஆனா 2004 சுனாமியைப் பற்றி உம்மம்மா சொன்னதையெல்லாம் எழுதிவைத்த மெய்நிகர் கணினி பூட் ஆகவில்லை. மீட்பு லினக்ஸ் ஒன்றை நெட்வொர்க் வழியே ஏற்றினேன். ஐபி கிடைத்தது, கேர்னல் இறங்கியது, அதோட திரை ஊமை. அழிச்சிட்டுப் புதுசா செய்வமா என்று கையும் போச்சு.

சும்மா பிங் அடித்தேன், பதில் வருது! ஆள் உயிரோடதான். கியூஎம்யூவை 'நோகிராபிக்' என்று ஓட்டினால் நமக்கு இருப்பது சீரியல் கன்சோல் மட்டும். கேர்னலோ யாரும் பார்க்காத விஜிஏ திரைக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கு. பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பின் 'அப்பெண்ட்' வரியில் 'கன்சோல்=டிடிவைஎஸ்0,115200' சேர்த்தேன். (ரெண்டு கன்சோல் கொடுத்தால் கடைசியானதுதான் முதன்மை, அது விளங்க இன்னொரு மணித்தியாலம்.)

சுபஹ் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி எழுத்துகள் ஓடின. உம்மம்மாவின் கோப்பைத்தான் முதலில் பென்ட்ரைவில் போட்டேன்.