கல்லறைக்குச் சிமெண்ட் ஆகாது

மேஸ்திரி கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் கல்லறையின் பக்கச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டது. ஒரு சாண் தள்ளி ‘டொப்’ என்று உள்ளே காற்றடைத்த சத்தம். அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டார்.

“உள்ளே பூச்சு செங்கலை விட்டுடுச்சு சார். வெளியே பார்த்தா நேத்துப் பூசின மாதிரி இருக்கும்.”

அவர் சுற்றி முடித்தபோது அந்தக் கல்லறையில் வட்டம் விழாத இடம் குறைவாகத்தான் இருந்தது. மேலே இருந்தது சிமெண்ட் பூச்சு. சில வருடங்களுக்கு முன்பு யாரோ நல்ல மனதோடு பணம் கொடுத்துப் பூசச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உபகாரம்தான் இப்போது கல்லறையைத் தின்றுகொண்டிருந்தது.

டேனியர்கள் 1620இல் வந்து கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன ஊர் தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கியதும், 1719இல் இறந்து புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமானதும் அங்கேதான். அந்த ஆலயத்தைப் பார்க்கக் கடல் கடந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான் போனது அங்கே அல்ல. அதே கடற்கரையில் சற்றுத் தள்ளி, ஒரு சிறிய சபைக்குச் சொந்தமான பழைய கல்லறைத் தோட்டத்துக்கு. மதில் பாதி இடிந்திருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கிய பிறகுதான் வரிசைகளே கண்ணுக்குத் தெரிந்தனவாம். இரண்டு மூன்று ஐரோப்பியர் கல்லறைகளைத் தவிர மற்றவை எல்லாம் நம்மவர்களுடையவை: உபதேசிமார், பள்ளி வாத்தியார்கள், அவர்களுடைய மனைவிமார், காய்ச்சலில் போன குழந்தைகள். வாரிசுகள் பிழைப்புத் தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள்.

சிமெண்ட் ஏன் ஆகாது என்பதை மேஸ்திரி உதிர்ந்த செங்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினார். பழைய செங்கல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சும். கடற்கரை மண்ணிலிருந்து ஈரம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புக் காரை என்றால் அந்த ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். உப்பு காரையின் மேல் பூத்து, காரைதான் உதிரும். செங்கல் பிழைத்துக்கொள்ளும், சில வருடம் கழித்துக் காரையை மட்டும் திரும்பப் பூசினால் போதும். சிமெண்ட் வழிவிடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு செங்கலுக்குள் படிகமாகி, அதை உள்ளிருந்தே பொடியாக்கிவிடும். அவர் விரல்களுக்கு இடையில் அந்தச் செங்கல் மாவாய்க் கொட்டியது.

மேஸ்திரி காரைக்குடிப் பக்கத்துக்காரர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் தொழில் கற்றவர், பிறகு கோயில் மண்டபங்களில் வேலை பார்த்தவர். கல்லறை வேலை அவருக்கும் புதிது. ஆனால் சுண்ணாம்பு அவருக்குப் பழையது. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர்விட்டு நீற்றுகிறார்கள். அது கொதித்து அடங்கியதும் சல்லடையில் வடித்து, தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊற ஊற அது வெண்ணெய்போல் ஆகிவிடுகிறது. அதனோடு சலித்த மணல், பழஞ்செங்கல் பொடி, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர். செங்கல் பொடி சேர்ந்தால் ஈரமான இடத்திலும் காரை இறுகும் என்றார். பூசிய பிறகு பல நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடிவைக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும்.

அரைப்பதும் குழைப்பதும் பெண்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர் காலையில் வேலையைத் தொடங்குமுன் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். எண்ணெயையும் மீறி விரல் இடுக்குகளில் வெடிப்பு.

“கையுறை வாங்கிக் குடுத்தாங்க தம்பி. போட்டா பதம் தெரிய மாட்டேங்குது. குழைச்சது கையில ஒட்டாம வழுகணும், அதுதான் கணக்கு.”

பதம் தெரிய வெறுங்கை வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுண்ணாம்பு நீற்றும் தொட்டியருகே கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. கொதிக்கும்போது ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். இதைச் சபைப் பெரியவர்களிடம் சொன்னேன், வாங்கிக் கொடுத்தார்கள்.

வடக்கு மூலையில் ஒரு கல்லறையை அரசங்கன்று பிளந்திருந்தது. பறவை எச்சத்தில் வந்த விதை, செங்கல் இடுக்கில் வேர்விட்டிருக்கிறது. பிடுங்கினால் வேரோடு சுவரும் வந்துவிடும். அதனால் தண்டை அறுத்து, வெட்டுவாயில் மருந்து தடவி, வேர் செத்துக் காயும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு செங்கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, வேரை எடுத்துவிட்டு, அதே வரிசையில் திரும்ப அடுக்க வேண்டும். அறுக்குமுன் மேஸ்திரி அந்தக் கன்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற சபை உபதேசியார் அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அரிவாளை எடுத்துக் கொடுத்தார்.

எழுத்து இருக்கும் கல்லைத் தொடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடாது, சோப்புத்தூள்கூடக் கூடாது. நல்ல தண்ணீரும் மெல்லிய நார் பிரஷும் மட்டும். பாசியை நனைத்து ஊறவைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்கிறார்கள். உப்பு ஏறிய கல்லின் மேல் காகிதக்கூழை அப்பிவைக்கிறார்கள். காய்ந்ததும் உரித்தெடுத்தால் கூழோடு உப்பும் வந்துவிடுகிறது. எழுத்து தெரியாவிட்டால் ஒரு பையன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்க்கிறான். வெறும் தழும்பாகத் தெரிந்த இடத்தில் வரிவரியாகப் பெயர் எழுந்து வந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டில் கண்டபடியே எழுதிக்கொள்கிறார் உபதேசியார். புரியாத எழுத்துக்குப் புள்ளி மட்டும் வைக்கிறார்.

இந்தப் புள்ளி வைக்கும் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். கல்லறைத் திருநாள் நெருங்கினால் ஊரெங்கும் எனாமல் பெயிண்ட் டின்னோடு ஆட்கள் வருவார்கள். தேய்ந்த எழுத்தைக் குத்துமதிப்பாகப் படித்துக் கறுப்புத் தீட்டிவிடுவார்கள். பழைய தமிழ்க் கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் பல இடங்களில் இருக்காது. பெயர் மாறிப்போக அதுவே போதும். இந்தத் தோட்டத்திலேயே ஒரு கல்லில் 1849 என்று பளிச்சென்று தீட்டியிருக்கிறது. சபையின் அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெண் இறந்தது 1819. பெயிண்டுக்கு அடியில் பார்த்தால் அது ஒன்றுதான், நான்கல்ல. ஆழமாக வெட்டித் தருகிறேன் என்று உளியோடு வருபவர்கள் இன்னும் ஆபத்து. பெயிண்டை மெதுவாக எடுத்துவிடலாம், வெட்டியதை என்ன செய்வது?

ஐரோப்பியர் கல்லறைகளுக்கு ஏதோ ஒரு காவல் இருந்திருக்கிறது. சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905இல் அச்சிட்டார். பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்கள்தான் அதில் இருக்கின்றன. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கிவைத்த பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்காக 1976இல் லண்டனில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் புல்கூட ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கும். இவையெல்லாம் நல்ல காரியங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல் உடைந்தாலும் அந்த வெள்ளைக்காரரின் பெயர் காட்டனின் புத்தகத்தில் இருக்கும். இந்தத் தோட்டத்தில் அடக்கமான பழைய உபதேசியார் ஒருவரின் மனைவிக்கு இந்தக் கல்லும், கரையான் அரித்த ஒரு பதிவேடும் மட்டும்தான். அதனால் முதல் கவனிப்பு எங்கே வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கவனிப்பும் சுண்ணாம்பு தெரிந்த கையால் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் கிடைக்காவிட்டால், புல்லை மட்டும் வெட்டிவிட்டுக் கல்லைச் சும்மா விடுவதே மேல்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் நடந்தது. எல்லோரும் ஒரே மனதாக இல்லை. “இருக்கிறவங்களைப் புதைக்க இடமில்லை, பழசுக்குச் செலவா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கிழக்குப் பக்கக் காலி நிலத்தைச் சுத்தம் செய்து புதிய அடக்கங்களுக்கு ஒதுக்கலாம் என்று முடிவான பிறகுதான் அவர் சமாதானமானார். பழைய வரிசைகளில் இனி எனாமலும் சிமெண்டும் கூடாது, நவம்பர் 2க்கு வெள்ளையடிக்க விரும்புகிறவர்களுக்குச் சபையே சுண்ணாம்பு கொடுக்கும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் காரை வேலை ஆகாது. மேஸ்திரிக்கு ஊரில் ஒரு பெரிய வீட்டு வேலை காத்திருக்கிறது. மீதி வரிசைகளைத் தை மாதம் அந்த அக்காவே தொடங்கலாம், பூச்சுவேலை அவர் கைக்கு வந்துவிட்டது என்று மேஸ்திரி சொன்னார். இதுவரை அவருக்குச் சித்தாள் கூலிதான். கரண்டி பிடிக்கும் நாளிலிருந்து கொத்தனார் கூலி என்று பொருளாளர் நோட்டில் எழுதினார். அக்கா எழுந்து, “கிளிஞ்சலுக்கு இப்பவே முன்பணம் கட்டிடுங்க. தை பொறந்து சொன்னா நீத்தி ஊறவைக்க நாள் பத்தாது” என்றார்.