வெள்ளி நோட்டில் யார் முகம்?

கூலி வங்கிக்கே சென்றுவிடும் இக்காலத்திலும், முன்பணம் கேட்போர்க்கு நோட்டை எண்ணிக் கொடுக்கும் வேலை தோட்டக் கிராணியாகிய நம்மை விட்டபாடில்லை. எண்ணினோமேயன்றி அந்நோட்டை நாம் பார்த்ததில்லை என்பதைச் சென்ற மாதம் ஒரு மூதாட்டியார் உணர்த்தினார். ஐம்பது வெள்ளியைத் திருப்பிப் பார்த்தவர், "கிராணி ஐயா, செம்பனையைப் போட்டிருக்காங்க, குலை வெட்டுறவனைக் காணோமே!" என்றார்.

2012-இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது அந்நோட்டு. பின்புறத்தில் செம்பனையோடு நிற்பவர் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். முன்புறத்தில் இருப்பவரோ முதற் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான். பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு. இதில் இடறாத நண்பர் நமக்கு மிகச் சிலரே. பேரரசர் நம் நெகிரி செம்பிலானின் அரசர். ஸ்ரீ மெனாந்தியில் பிறந்து, 1960-இல் மறைந்து, அங்கேயே அடக்கமானவர்.

1957-இல் சுதந்திரம் வந்தும், பத்தாண்டுகள் பழைய நாணய வாரியத்தின் நோட்டே புழங்கிற்று. 1967 ஜூன் 12-இல் பேங்க் நெகாரா தன் முதல் நோட்டுக்களை வெளியிட்டபோது, அப்போது ஆண்டவரை விடுத்து, மறைந்து ஏழாண்டான முதல்வரையே பொறித்தது. ஐந்தாண்டுக்கொரு பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் நாட்டுக்கு இது தக்க ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம்.

பெயரிலும் ஒரு சுவையுண்டு. 'ரிங்கிட்' என்றால் பல்பல்லாய் வெட்டிய விளிம்பு. பண்டைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் நினைவு அது. 1975-இல் அரசு அப்பெயரை ஏற்றது. விளிம்பை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். உலோகத்தை நாம் பிடித்துக்கொண்டு இன்றும் 'வெள்ளி' என்கிறோம்!

மூதாட்டியாரின் வினாவுக்கு வருவோம். உழைப்பவனை நோட்டில் வரைதல் ஆகாத காரியமா? 1961-இல் அப்பழைய வாரியம் வெளியிட்ட பத்து வெள்ளியில் எருமை பூட்டி உழும் உழவன் இருந்தான். ஜப்பானியர் காலத்துப் பத்து வெள்ளியில் வாழைமரம் இருந்தது. 1945-க்குப் பின் அது செல்லாக் காசாயிற்று. நம் கொள்ளுப்பாட்டனார் தகரப்பெட்டி நிறைய அதைச் சேர்த்து வைத்திருந்தாராம். பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம். பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாடினார்களாம்.

இதையெல்லாம் மூதாட்டியாரிடம் சொன்னோம். "உழுதவனைப் போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டை நான்காய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மருந்து வாங்க டவுன் பஸ் ஏறினார்.