ஒரு இஞ்சுக்குப் பத்துப் பல்

நீலகிரியில் தேயிலை இன்றும் இஞ்ச் கணக்கில்தான் வெட்டுப்படுகிறது. சி.டி.சி. ரோலரில் ஒரு அங்குலத்துக்கு எட்டுப் பல், அல்லது பத்துப் பல். அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் 1930 வாக்கில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திரம் இது. இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. அந்த வேக வித்தியாசத்துக்குள் சிக்கும் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது; இந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் சி.டி.சி. நம் நாடு 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் செய்தது, 1957-இல் காசையும் மாற்றியது. ரோலரின் பல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் தொழிற்சாலையிலிருந்து ரோலரை வண்டியில் ஏற்றும்போது "பத்து டி.பி.ஐ." (அங்குலத்துக்குப் பத்துப் பல்) என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்தப் பல் தீட்டும் வேலையைப் பார்க்கத்தான் குன்னூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், சூடேறும், தூளின் நிறம் மங்கும். விலை இறங்கும்போது அந்த இழப்பு பச்சைத் தேயிலை கொடுத்த சிறு விவசாயி வரைக்கும் போகும். அதனால் சேஸிங் மெஷினில் ரோலர் ஏறியதும் அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. சுற்றுவாக்கில் ஒரு முறை காடி இழுத்து, பிறகு சாய்வாக மில்லிங் வெட்டும்போது பல் ஒவ்வொன்றாக எழும்பி வருகிறது. பட்டறைப் பெரியவர் அதை நகத்தால் தடவிப் பார்க்கிறார். கருவியும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நகம்தான் முந்திக்கொள்கிறது.

என்னை அங்கே நிறுத்தி வைத்தது ரோலர் அல்ல. மூலையிலிருந்த மேசையில் எம்.டி.எஃப். பலகையில் பாதி கட்டி நின்ற ஒரு சி.என்.சி. (கணினி வழி வெட்டும்) ரவுட்டரும், அதன் பக்கத்தில் பென்சில் குறி நிறைந்த வரைபடக் கட்டும்தான்.

ரவுட்டர் பெரியவரின் மருமகனுடைய முயற்சி. ஐ.டி.ஐ. முடித்தவர். இந்த மலையின் பழைய தொழிற்சாலைகளில் கெயின்ஸ்பரோ மார்ஷல், பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் போன்ற நிறுவனங்களின் காலத்து உருட்டு இயந்திரங்களும் உலர்த்திகளும் இருந்திருக்கின்றன. அந்த வகை இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதிது வாங்கக் கடை கிடையாது. மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்து கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைக்கு அனுப்ப வேண்டும். பேட்டர்ன் செய்யும் கைகள் குறைந்துவிட்டன. அதைக் கணினி சொல்லும் பாதையில் வெட்டினால் என்ன என்பது இளைஞரின் யோசனை. ரவுட்டர் கட்ட அவருக்குக் கிடைத்த வரைபடமோ அமெரிக்கக் கணக்கில் போட்டது. முக்கால் இஞ்ச் பலகை, முக்கால் இஞ்ச் பைப், கால் இஞ்ச் போல்ட், அரை இஞ்ச் ஆக்மி திருகு என்று பக்கம் பக்கமாக இஞ்ச்.

"எல்லாத்தையும் 25.4-ஆல பெருக்கி வெச்சிருந்தேங்ணா. மாமா பார்த்துட்டு அழிச்சுட்டு வான்னு சொல்லிட்டார்" என்றார் இளைஞர்.

பெரியவர் சொன்ன காரணம் எளிது. முக்கால் இஞ்சைப் பெருக்கினால் 19.05 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் பலகை குன்னூரிலும் இல்லை, கோவையிலும் இல்லை. இங்கே வாங்குவது "எட்டுக்கு நாலு, 18 எம்.எம்." நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில் என்று ஒரே பலகையை இரண்டு அளவையில் கேட்டு வாங்கும் ஊர் இது. 18 என்று சொல்லிக் கொடுத்த பலகையும் வெர்னியரில் 17.7 காட்டக்கூடும். வெட்டும் தலையைச் சுமந்து பைப்பின் மேல் பேரிங்கில் ஓடும் பாலத்துக்கு இரு பக்கமும் இரண்டு கால்கள். வெளி அகலத்தை வரைபடப்படி வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் 18-இல் செய்தால் உள் அகலம் 2.1 மில்லிமீட்டர் கூடிவிடும். அத்தனை இடைவெளியில் பேரிங் பைப்பைப் பிடிக்காது, ஆடும். ஆடுகிற பாலத்தில் வெட்டிய பல்சக்கரத்தை எந்தத் தொழிற்சாலையும் வாங்காது.

எனவே முதலில் கடைக்குப் போய்ப் பொருளை வாங்கி வந்தார்கள். பிறகு அதை அளந்து, அதற்கு மேல் வரைபடத்தைத் திரும்ப எழுதினார்கள். வாங்கிய பொருள் தீர்மானிக்கும் அளவுக்குச் சிவப்புப் பென்சில். அதிலிருந்து கணக்குப் போட்டு வரும் அளவுக்கு நீலம். எதிலும் பொருந்த வேண்டாத அளவுக்குக் குறியே இல்லை, கைக்கு வசதியான முழு எண்ணை வைத்துக்கொள்ளலாம். 24 இஞ்ச் மேசை 609.6 ஆக இருந்தே தீர வேண்டும் என்று யாருக்கும் அவசியமில்லை. அது 600 ஆகிவிட்டது.

இந்த மூன்று வகையைப் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர் என்பது என் எண்ணம். பெருக்கலைப் பள்ளிப் பிள்ளையும் செய்யும். ஒவ்வொரு அளவும் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்க, இயந்திரம் கட்டிப் பழகிய மனம் வேண்டும்.

ஒரு போல்ட்டின் கதையைச் சொல்ல வேண்டும். பைப்பின் மேல் ஓடும் சக்கரங்களுக்கு 608 பேரிங் போடச் சொல்கிறது வரைபடம். சறுக்குச் சக்கரக் காலணியில் இருப்பது அதே பேரிங்தான். அதன் துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, கனம் 7. உலகம் முழுக்க மெட்ரிக்கில்தான் வருகிறது. அமெரிக்கக் கடையில் அதற்கு ஏற்ற போல்ட் சுலபமாகக் கிடைக்காததால், வரைந்தவர் 5/16 இஞ்ச் போல்ட்டை நுழைத்திருக்கிறார். அது 7.94 மில்லிமீட்டர், கொஞ்சம் தளர்வு. அந்த 7.94-ஐ இங்கே பயபக்தியோடு காப்பாற்றுவதில் பொருளில்லை. எம்8 போல்ட் நேராகப் பொருந்துகிறது. மூல வரைபடத்தைவிட இறுக்கமான சக்கரம் குன்னூரில் கிடைத்துவிட்டது.

பைப்பில் வேறு மாதிரி சிக்கல். முக்கால் இஞ்ச் பைப்பில் எந்தப் பக்கம் அளந்தாலும் முக்கால் இஞ்ச் இருக்காது, அது வெறும் பெயர். அமெரிக்கப் பைப்பின் வெளிவட்டம் 26.67, நம் ஊரில் 20 எம்.எம். என்று விற்பது சுமார் 26.9. இந்தக் கால் மில்லிமீட்டரைப் பேரிங்கை நகர்த்தும் திருகே ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்கு மேல் கவலைப்படவில்லை. பைப் நேராக இருக்கிறதா என்பதற்குத்தான் பெரியவர் நெடுநேரம் செலவிட்டார். இரண்டு பைப்பை ஒட்டி வைத்து உருட்டி, நடுவில் வெளிச்சம் தெரிந்தவற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

அடுத்தது திருகு. "அரை இஞ்ச், இஞ்சுக்குப் பத்து மரை" என்று மருமகன் படித்ததும் பெரியவரின் முகம் மலர்ந்தது. இஞ்சுக்குப் பத்து என்றால் 2.54 மில்லிமீட்டர் பிட்ச். ரோலரில் அவர் அன்றாடம் வெட்டுகிற அதே இடைவெளி. "நானே கடைஞ்சு தர்றேன் மாப்ளே" என்று ஆசைப்பட்டார். மருமகன் மறுத்தார், அவர் பக்கம்தான் நியாயம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. 5 மில்லிமீட்டர் லீட் உள்ள, அதாவது சுற்றுக்கு அத்தனை நகர்த்தும், பால்ஸ்குரூ போட்டால் மில்லிமீட்டருக்குச் சரியாக 320 படி. 2.54 என்றால் 629.92 என்று பின்னத்தில் நிற்கும். அதை யாராவது 630 என்று முழுதாக்கிவிட்டால் 600 மில்லிமீட்டர் ஓட்டத்தில் 0.075 விலகும். மென்பொருள் பின்னத்தை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நாளை இந்த இயந்திரத்தைத் திறக்கப்போகும் இன்னொருவருக்கு 320 என்ற எண் தலையில் நிற்கும். தவிர, ஒரு மீட்டர் மெல்லிய கம்பி லேத்தில் வளையாமல் மரை வாங்காது என்பது பெரியவருக்கே தெரியும். 16 மில்லிமீட்டர் தடிமன், 5 மில்லிமீட்டர் லீட் என்று முடிவாயிற்று.

அந்த லேத்தின் மேல் ஆணியில் ஒரு பல்சக்கரம் தொங்குகிறது. 127 பல். லேத்தின் லீட்ஸ்குரூ இஞ்ச் கணக்கு. அதில் மெட்ரிக் மரை வெட்ட இந்தச் சக்கரம் வேண்டும். 1959-இல் ஒரு அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஆங்கிலம் பேசும் நாடுகள் உடன்பட்டன. ஐந்து அங்குலம் சேர்ந்தால் 127 மில்லிமீட்டர், பின்னமே இல்லை. 127 பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய சக்கரத்தால் அந்த உறவைத் துல்லியமாகக் கொண்டுவர முடியாது. இரண்டு அளவைகளுக்கும் நடுவிலுள்ள பாலத்தை எண்ணெய் படிந்த இரும்பாக அங்கே தொட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இஞ்ச் ஒழிந்துவிடவில்லை. ரவுட்டரின் நீமா 23 ஸ்டெப்பர் மோட்டாரின் முகம் 2.3 இஞ்ச். சீனாவிலிருந்து வந்தாலும் தண்டு பெரும்பாலும் 6.35, அதாவது கால் இஞ்ச். அதைப் பால்ஸ்குரூவோடு இணைக்கும் கப்ளிங்கில் ஒரு பக்கத் துளை இஞ்ச், மறு பக்கம் மில்லிமீட்டர். பழைய உலர்த்தியைக் கழற்றும்போது பிரிட்டிஷ் அளவான அரை இஞ்ச் விட்வொர்த் போல்ட்டில் இஞ்சுக்கு 12 மரை இருக்கும். அமெரிக்க அரை இஞ்சில் 13. தெரியாமல் நட்டைத் திருகினால் மூன்று சுற்றில் மரை கடித்துவிடும். இதையெல்லாம் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் ஃபிட்டர்களை நாம் வெறும் பழுதுபார்ப்பவர்கள் என்று எண்ணுவது அநியாயம்.

பேட்டர்னுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும், ஆகவே மரத்தைச் சற்றுப் பெரிதாக வெட்ட வேண்டும். பெரியவரின் விதி "அடிக்கு ஒரு நூல்". எட்டு நூல் ஒரு இஞ்ச் என்பதால் அது 96-இல் ஒரு பங்கு, நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். மருமகன் மென்பொருளில் 1.0104 என்று போட்டு மொத்த உருவத்தையும் பெரிதாக்கப் போனார்.

"கடைசல் மிச்சத்தையும் சேர்த்துப் பெருக்கிடாத. மொதல்ல முடிஞ்ச பொருளோட அளவைப் பெருக்கு, அப்புறம் மிச்சத்தைக் கூட்டு" என்றார் பெரியவர்.

வார்ப்பைக் கடைந்து சீராக்க விடும் கனம்தான் அந்த மிச்சம். மூன்று மில்லிமீட்டர் மிச்சத்தில் அது 0.03 தானே என்று மருமகன் வாதாடிப் பார்த்தார். "இந்தச் சக்கரத்துக்குச் சரி. நாலடி புல்லிக்கு ஆறு எம்.எம். மிச்சம் விடுவ, அப்போ?" அப்போதும் வித்தியாசம் ஒரு மயிரிழைதான். ஆனாலும் மருமகன் வரிசையை மாற்றிக்கொண்டார், நான் அதை ரசித்தேன். எண் சிறியதாக இருக்கும்போதே முறையைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மாமா.

நான் இருந்தபோது பாலம் ஏற்றி ஒரு சோதனை வெட்டு போட்டார்கள். சில்வர் ஓக் பலகையில் 300 மில்லிமீட்டர் சதுரம். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தன. மூலைக்கு மூலை அளந்தால் ஒன்று 424.6, மற்றது 423.9. பாலம் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மருமகன் மென்பொருளில் திருத்தலாமா என்று பார்த்தார். பெரியவர் இடது காலின் போல்ட்டைத் தளர்த்தி, இடையில் செருகப் பித்தளைத் தகட்டை வெட்டத் தொடங்கியிருந்தார். மழைக்காலத்தில் குன்னூர் ஈரத்துக்கு எம்.டி.எஃப். ஊதும் என்பதால் விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்த பிறகுதான் கடைசி அளவு எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை, மருமகன் வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பில் எழுதிக்கொண்டார்.