நின்ற இடமும் பார்த்த திசையும்

தெருப்படங்களை இணையதளத்தில் அடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வார்டு வாரியா ஃபோல்டர் போட்டுடலாமா சார்?" என்பதுதான். வேண்டாம் என்பேன். 2011-இல் சென்னை மாநகராட்சி விரிவானபோது 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின. வார்டு எண்ணை நம்பி அடுக்கிய எதுவும் அன்றைக்கு நிலைகுலைந்திருக்கும். எனவே ஒவ்வொரு படத்தையும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையோடு சேமித்துவிடுங்கள். வார்டு, பேட்டை, தெருப்பெயர் எல்லாம் அதன்மேல் விரிக்கும் அடுக்குகள். எல்லை மாறினால் அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். படம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சரிபார்க்காமல் ஏற்றக்கூடாது. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். பல வரைபடக் கருவிகள் அட்சரேகையை முதலில் கேட்கும். இரண்டும் இடம் மாறினால் சென்னைப் படம் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளருகே போய் விழும். இந்தப் பிழை உடனே கண்ணில் படும். சில மீட்டர் விலகல்தான் ஆபத்து. தி.நகர் ரங்கநாதன் தெரு போல இருபுறமும் கட்டடம் நெருக்கும் இடத்தில் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, படத்தை அடுத்த தெருவில் சேர்த்துவிடும். ஒரே ஓட்டத்தில் எடுத்த படங்களை வரிசை குலையாமல் வைத்திருந்தால், நடுவில் ஒன்று மட்டும் தாவியது தெரிந்துவிடும். அதனால்தான் வரிசையைக் கலைக்க நான் யாரையும் விடுவதில்லை.

இந்த வேலையின் உயிர் திசையில் இருக்கிறது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோபுரத்தைத் தேடுகிறவருக்கு, மிக அருகில் எடுத்த படத்தை முதலில் காட்டினால் என்ன கிடைக்கும்? மதிலும் கடை ஷட்டரும். கோபுரம் முழுதாகத் தெரிவது, கோயிலுக்கு மேற்கே உள்ள தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்து எடுத்த படத்தில். எனவே தூரத்தோடு கோணத்தையும் கணக்கிட வேண்டும்: கேமராவிலிருந்து கோபுரம் இருக்கும் திசைக்கும் லென்ஸ் பார்த்த திசைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? அது லென்ஸின் பார்வைக்கோணத்தில் பாதிக்குள் இருந்தால்தான் கோபுரம் படத்துக்குள் வரும்.

லென்ஸ் பார்த்த திசையை எப்படி அறிவது? காரில் செல்போனை வைத்து எடுத்தால், காரின் இரும்பு அதன் திசைகாட்டியைக் குழப்பும். அடுத்த படத்தின் இடத்தை நோக்கிக் கோடு இழுத்துத் திசை கணிப்பதே எனக்கு நம்பகமான வழி. சிக்னலில் வண்டி நிற்கும்போது அந்தக் கோடு கண்டபடி சுழலும். நகராமல் எடுத்த படங்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறேன்.

கடைசியாக, தேதி. புதுப்படம் வந்ததும் பழையதை நீக்கச் சொல்வார்கள்; சேமிப்பிடம் மிச்சமாகுமாம். நான் ஒப்புவதில்லை. 2013-இல் ஸ்வீடனின் மால்மோவில் தொடங்கிய தெருப்படத் தளமான மேப்பிலரி, ஒரே சாலையின் வெவ்வேறு காலப் படங்களைச் சேர்த்தே வைத்திருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்து ஒருவழிப் பலகையையும் நடைபாதையையும் வரைபடத்தில் பதிகிறார்கள். மெட்ரோ வேலைக்காகத் தடுத்திருந்த சாலை திறந்துவிட்டதா என்று அவர்களுக்குச் சொல்வது தேதிதான். இடம், திசை, தேதி மூன்றும் சரியாக இருந்தால், அந்தத் தெருவில் கால் வைக்காதவரும் நம்பி முடிவெடுக்கலாம். நாம் இவ்வளவு பாடுபடுவது அவருக்காகத்தான்.