பச்சை பூத்த புழு

செவ்வாய்
எப்போதும்வென்றான் ஊர்க் கரிசலில் மழை வெறித்திருக்கிறது. மானாவாரி மக்காச்சோளத்தில் குருத்து குருத்தாக விரித்துப் பார்த்தேன். 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்த ஆண்டே இந்தச் சீமையையும் பிடித்துக்கொண்டது. இன்று ஒரு புழு இலையைப் பற்றியபடி விறைத்துக் கிடந்தது. உடம்பெங்கும் வெள்ளைப் படலம். “மருந்தே அடிக்கல தம்பி, தானா செத்துக் கெடக்கு” என்றார் காட்டுக்கார அண்ணாச்சி. அதைத் தனிக் குப்பியில் எடுத்து, ஊர், பயிர், தேதி எழுதி ஒட்டினேன்.

புதன்
செத்த புழுவில் எத்தனையோ பூஞ்சை ஒட்டும். கொன்றது எது என்பதே கேள்வி. 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மும்முறை அலசி, ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டில் வைத்தேன். மேலே ஒட்டியவை பெரும்பாலும் அலசலில் போய்விடும். உள்ளே வளர்ந்தது ஈரம் பட்டு வெளியே வரும்.

சனி
வெள்ளை, வெளிர்பச்சையாக மாறிவிட்டது. மால்ட்டோஸும் ஈஸ்ட் சாறும் கலந்த ஊடகத்தில், பாக்டீரியாவை அடக்க ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து, ஊசி முனையால் வித்துகளைத் தொட்டு இழுத்தேன்.

மறு வியாழன்
வளர்ச்சி மிக மெதுவு. ஒரு தட்டில் அஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை முந்திக்கொண்டது, அதைக் கழித்தேன். சுத்தமான தட்டிலிருந்து ஒற்றை வித்து எடுத்து மறுபடி வளர்க்கிறேன்.

அடுத்த திங்கள்
நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். அஸ்பர்ஜில்லஸுக்குரிய பருத்த தலை இல்லை. குட்டையான கிளைகள் அடுக்கடுக்காக, அவற்றின் நுனியில் சிறு முட்டை வடிவ வித்துகள் சரம் சரமாக. மெட்டாரைசியம் ரைலேயி என்றே தோன்றுகிறது. 2014 வரை நோமுரியா என்று அழைக்கப்பட்டது இதுதான். உருவம் மட்டும் போதாது, மரபணு வரிசையும் பார்க்கவேண்டும். நல்ல புழுக்கள் மேல் இவ்வித்துகளைத் தெளித்திருக்கிறேன். அவை இறந்து, அவற்றிலிருந்து இதே பூஞ்சை திரும்பக் கிடைத்தால்தான் கொன்றது இதுவென்று சொல்லலாம்.

வெள்ளி
தெளித்த புழுக்கள் சாகின்றன, தெளிக்காதவை தின்றுகொண்டிருக்கின்றன. செத்தவற்றிலிருந்தும் பூஞ்சையைப் பிரிக்கவேண்டும். இதையே காட்டில் தெளிப்பதானால், வெயிலும் வறட்சியும் வித்துகளைக் கொல்லும். அதனால் மாலையில், ஈரமுள்ள நாளில் தெளிப்பதே பலன் தரும். எங்கோ எடுத்த ரகத்தைவிட, கரிசல் வெயிலைத் தாங்கிய இந்த ரகத்தை இங்கே சோதிப்பதே நியாயம். சரியான பெயரும் ஊரும் எழுதி அதைச் சேமித்து வைப்பது, இந்த மண்ணின் சம்சாரிக்கு நாம் செய்யவேண்டிய கடமை.