கீமேன் பேரன்

எங்க தாத்தா ரயில்வேயில் கீமேன். கடலூர் துறைமுகத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். அப்போது மீட்டர் கேஜ் பாதை. விடிந்ததும் சம்மட்டி, ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடியோடு கிளம்புவார். தன் எல்லை முழுக்க நடந்து, கழன்ற ஆப்பை அடித்து இறுக்கி, தளர்ந்த போல்ட்டைத் திருகி, நடந்தே திரும்புவார். "வண்டி கரியில மட்டும் ஓடலடா, நாங்க அடிக்கிற ஆப்புலயும் ஓடுது" என்பார்.

நந்தன் நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஏங்கிக் கிடந்த ஊர் சிதம்பரம். அந்த ஊருக்கு ஊரையே பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தவர் எங்க தாத்தா.

வயசாகி முட்டி தேய்ந்ததும் ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை கேட்டிருக்கிறார். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். கிடைக்கவில்லை. ஆயா சொல்லும்: "போர்ட்டருன்னா ஐயா ஊட்டுக்குத் தண்ணி எடுத்தாரணும், காய் வாங்கியாரணும். நாம தொட்டது அவங்களுக்கு ஆவுமா?" அந்த ஸ்டேஷன் பானையில் தாத்தா மொண்டு குடித்ததே இல்லை. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிப்பார்.

இது எங்க வீட்டுத் துக்கம் என்றே நினைத்திருந்தேன். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசியதைப் படித்தபோது உடம்பு நடுங்கிப் போச்சு. நம் ஆட்கள் காலம் பூரா கேங்மேன்களாகவே கிடக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரை வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வதால் அந்த வேலையும் நமக்கில்லை என்கிறார். ஆயா சொன்னதும் அதுதான். ஆயா எழுத்துக் கூட்டத் தெரியாதவள்.

ரயிலடிச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் அது ஒழிந்தது. பலகையைக் கழற்றினார்கள். பானை பக்கம் யாரும் போகவில்லை.

1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். ஆட்குறைப்பையும், நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றுவதையும் எதிர்த்து நடந்தது. சிங்காரவேலர் சிறை போனார். அது நம் வரலாறும்தான், மறுக்கவில்லை. ஆனால் தோளோடு தோள் நின்ற தோழர்கள் ஒரே குவளையில் குடித்தார்களா? முதலாளித்துவம், பார்ப்பனியம் என்று இரண்டு எதிரிகளை அம்பேத்கர் மன்மாடில் சேர்த்துச் சொன்னது இதற்காகத்தான்.

நீராவி எஞ்சினைப் பற்றி ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். எந்த வகை, எந்த வருஷம் என்று எல்லாம் இருக்கிறது. ஷெட்டில் கரி சுமந்தவன், சூடு ஆறாத சாம்பலை வாரியவன், தண்டவாளத்தில் மலம் அள்ளியவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?

2010இல் இந்தப் பாதையில் அகல ரயில் வந்துவிட்டது. கான்கிரீட் கட்டை, இரும்புக் கிளிப். தாத்தா அடித்த ஆப்பு போய்விட்டது. கீமேன் என்ற பேர் மட்டும் இருக்கிறது. கிள்ளை தாண்டும்போது ஜன்னலில் பார்க்கிறேன், சம்மட்டியோடு ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். அவர் என்ன சாதி என்று கேட்க மனசு வரவில்லை. கேட்காமலே தெரிந்துவிடுமோ என்றுதான் பயம்.