பாரோ நதிக்கரையில் ஒரு சிற்றூர்

அயர்லாந்து நாட்டின் தென்கிழக்கே, கார்லோ நகரிலிருந்து தெற்கு நோக்கி 12 கிலோமீட்டர் அளவு சென்றால், பாரோ நதியின் இரு கரைகளிலும் பரந்திருக்கும் ஓர் அழகிய சிற்றூரை அடைகிறோம். லாக்லின்பிரிட்ஜ் என்பது அதன் பெயர். 'லாக்லின் பாலம்' என்பதே அதன் பொருள். ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழும் ஊர் இது. ஆயினும், கண்டங்கள் பல கடந்து பேசப்பட்ட மக்களை ஈன்ற ஊர்.

முதலில் நம் கண்ணைக் கவர்வது அந்தக் கற்பாலமே. 1320ஆம் ஆண்டில் கில்டேர் பேராலயத்தைச் சேர்ந்த மோரிஸ் ஜாக்கிஸ் என்னும் குருவானவர் இங்கே பாலம் அமைத்தார் என்பது வரலாறு. வழிப்போக்கர் வெள்ளத்தில் அழியாமல் அக்கரை சேர வழி செய்வது, அக்காலத்தில் பெரும் அறச்செயலாகக் கருதப்பட்டது. பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்ட அப்பாலத்தின்மீது இன்றும் வண்டிகள் செல்கின்றன. கீழே, படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதையில் இப்போது மக்கள் உலாவுகின்றனர்.

பாலத்தருகே இடிந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. கருங்கோட்டை என்பர். 1181இல் நார்மானியப் பிரபு ஹியூ டி லேசி இவ்விடத்தில் கோட்டை எழுப்பினார். 13ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவியர் இங்கு வந்து மடம் அமைத்தனர். அயர்லாந்தில் அச்சபை வேரூன்றிய முதல் இடங்களுள் இதுவும் ஒன்று. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபின், 1547இல் அத்துறவியர் இல்லமே படைவீரர் அரணாக மாறிற்று. செபம் ஒலித்த இடத்தில் வாளொலி கேட்டது. 1650இல் கிராம்வெல்லின் படையினர் கோட்டையைக் கைப்பற்றினர்.

மேற்கே சிறிது தொலைவில் உள்ளது பழைய லாக்லின். புனித லாசேரியான் தலைமை தாங்கிய துறவிமடம் அங்கே செழித்திருந்தது. உயிர்ப்புத் திருவிழாவை எந்நாளில் கொண்டாடுவது என்னும் கேள்வி அந்நாளில் ஐரிஷ் திருச்சபையைப் பிளந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 630இல் கூடிய சங்கத்தில் புனித லாசேரியான் உரோமையின் கணக்கை ஆதரித்தார் என்றும், புனித பின்டன் முன்னு பழைய வழக்கத்திற்காக வாதாடினார் என்றும் மரபு கூறுகிறது. எதிரெதிர் நின்று வாதிட்ட இருவரையும் திருச்சபை புனிதராகவே வணங்குகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. லாசேரியான் பெயர் தாங்கிய பழம் பேராலயம் இன்று ஆங்கிலிக்கன் மரபினரான அயர்லாந்துத் திருச்சபையினர் வசம் இருக்கிறது.

இவ்வூரின் மக்களுள் மூவரை இங்கே நினைவுகூர்வோம்.

1820இல் பிறந்தவர் ஜான் டிண்டால். புராட்டஸ்டாண்டுக் காவலர் ஒருவரின் மகன். அருகிலிருந்த பள்ளியில் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரிடம் கணிதமும் நிலஅளவையும் கற்று, பின்னர் புகழ்மிக்க அறிவியலாளரானார். காற்றிலுள்ள நீராவியும் கரிவளியும் வெப்பத்தை உறிஞ்சுவதை 1859இல் சோதனையால் காட்டியவர் இவரே. புவி வெப்பமடைவதைப் பற்றி இன்று பேசுவோர் இவரை மறக்கவியலாது.

1830இல் பிறந்தவர் பேட்ரிக் பிரான்சிஸ் மோரன். பெற்றோரை இழந்த அச்சிறுவனை, 12ஆம் வயதில், தாய்மாமன் பால் கல்லன் உரோமைக்கு அழைத்துச் சென்றார். அனாதைச் சிறுவன் சிட்னியின் பேராயராகி, 1885இல் ஆஸ்திரேலியாவின் முதல் கர்தினாலாக உயர்ந்தார்.

1874இல் பெல்பாஸ்ட் நகரில் டிண்டால் ஆற்றிய உரை, இயற்கையை ஆராய்வதில் சமயத்திற்கு அதிகாரமில்லை என முழங்கியது. அயர்லாந்து ஆயர்கள் சுற்றுமடல் வழியே அதனைக் கண்டித்தனர். அப்போது மோரன் ஒசரி மறைமாவட்ட ஆயர்! ஒரே ஆற்றின் நீர் பருகி வளர்ந்த இருவர், அவ்வழக்கில் இரு கரைகளில் நின்றனர்.

மூன்றாமவர் 1840இல் பிறந்த மைல்ஸ் கியோ. 1860இல் பாப்பரசரின் நாட்டைக் காக்க இத்தாலி சென்று போரிட்டுப் பதக்கம் பெற்றார். பின்னர் அமெரிக்கப் படையில் சேர்ந்து, 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக் ஹார்ன் போரில் மாண்டார். எதிர்த்து நின்றவர்களோ தங்கள் வாழ்நிலத்தைக் காத்துக்கொள்ளப் போராடிய பழங்குடி மக்கள். நிலம் பறிகொடுத்த துயரை நன்கறிந்த ஒரு நாட்டின் மைந்தனுக்கு இத்தகைய முடிவு வாய்த்ததே என்று நம் நெஞ்சு கனக்கிறது.

மூவரும் ஊரைவிட்டுச் சென்றவர்களே. பிள்ளைகளைத் தொலைநாடுகளுக்கு வழியனுப்பிய இல்லங்கள் அந்நாட்டில் எத்தனை எத்தனை! அவர்கள் அங்கே என்ன ஆவார்கள் என்பதை எந்தத் தாயும் அறியாள். அவள் தரக்கூடியது வீட்டில் பெற்ற வளர்ப்பு ஒன்றே.

மாலையில் பாலத்தின்மீது நின்று நோக்குகிறோம். ஆறு அமைதியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. அன்று அந்தக் குருவானவர் எண்ணியதெல்லாம், கரையில் நிற்பவர் நனையாமல் அக்கரை சேரவேண்டும் என்பதே. கடந்து செல்வோர் இன்னார் என்று அவர் கேட்டிருக்கமாட்டார். பாலமும் இதுவரை கேட்கவில்லை.